மலையக நீர்த்தேக்கத்துக்கு ஏற்ற தூண்டில் படகு

காசல்ரீயிலோ மவுஸ்ஸாக்கலையிலோ தூண்டில் போட, பழைய பைபர் படகொன்றை வாங்கி, பாஸ் என்ற மீனைப் பிடிக்கும் அமெரிக்கப் படகு மாதிரி முன்பக்கம் நிற்கத் தட்டு அடித்து மாற்றப் பலருக்கு ஆசை. இங்கே மாட்டுவது திலாப்பியாவும் கெண்டையும்தான். இருந்தாலும் நின்றபடி வீச அந்தத் தட்டு நல்ல வசதி.

தட்டு அடிக்கும் முன் எடையை யோசியுங்கள். எஞ்சினோடு கூடுதலாக, மெதுவாகப் போக மாட்டும் மின்மோட்டாருக்கான 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்றே 25 முதல் 30 கிலோ வரும். எஞ்சின், பெற்றோல் டாங்கி, ஓட்டுபவர் எல்லாம் பின்னால் இருக்கும்போது பற்றரியையும் அங்கேயே வைத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு பட்டி போட்டுக் கட்டுங்கள். பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம் எஞ்சின். இந்த நீர்த்தேக்கங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருப்பவை. காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் வலு ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். கடலோர நீர்கொழும்பில் பறந்த எஞ்சின் இங்கே இழுக்கவில்லை என்றால் உடனே மெக்கானிக்கைத் திட்டாதீர்கள்! பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த புரொப்பெல்லரை மாட்டிப் பாருங்கள், எஞ்சினின் சுழற்சி கூடும்.

தட்டு அடித்த ஆணித் துளைகளில் படகுக்கான சீலன்ட் அடைக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் பலகை ஊறிவிடும். ஆணி துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் சரி.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் கட்டட மிச்சங்கள் வறட்சிக் காலத்தில் மேலே வரும். கரையோரம் போகும்போது எஞ்சினைத் தூக்கிவிட்டு மின்மோட்டாரில் மெதுவாகப் போங்கள்.