என்ஜின் வேலை பார்த்த ஸ்போர்ட்ஸ் காரா? எதற்குப் பிரித்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

"என்ஜின் வேலை முழுசாப் பார்த்தாச்சு தம்பி, இனிமே கை வைக்கவே வேண்டாம்." கீழக்கரையில் ஒரு புரோக்கர் இப்படிச் சொல்லித்தான் ஒரு சிவப்பு டர்போ ஹேட்ச்பேக்கை எனக்குக் காட்டினார். 2014 மாடல், சென்னைப் பதிவு, விலையும் கொஞ்சம் இறக்கம்தான். போலோ ஜிடி, அபார்த் புன்டோ, ஆக்டேவியா ஆர்எஸ் என்று எதைத் தேடிப் போனாலும் இந்த ஒரு வசனத்தை நீங்களும் கேட்டே தீர வேண்டும்.

வேலை பார்த்த என்ஜின் என்றதும் பயந்து ஓடவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மண்டபத்திலும் பாம்பனிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு என்ஜின்களைப் பிரித்துக் கோர்ப்பது வருடா வருடம் நடப்பதுதான், அதற்காக அந்தப் படகை யாரும் ஒதுக்குவதில்லை. ஆனால் படகு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எதுக்குப் பிரிச்சீங்க?" என்றுதான். நீங்களும் அதையே கேளுங்கள். சூடேறியதா, ஆயில் குடித்ததா, சீஸ் ஆகி இறுகிப்போனதா, தண்ணீர் புகுந்ததா? பதில் வந்ததும் பில்லைக் கேளுங்கள். நோய் ஒன்று, பில்லில் இருக்கும் மருந்து வேறு என்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

ஸ்பேர்ஸ் பில் வேறு, லேத் (கடைசல் பட்டறை) பில் வேறு, இரண்டும் வேண்டும். சிலிண்டரை ரீபோர் செய்ததாக, அதாவது கடைந்து பெரிதாக்கியதாக லேத் பில் சொன்னால், ஸ்பேர்ஸ் பில்லில் 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் இருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் பிஸ்டன் இருந்தால் கணக்கு இடிக்கிறது. கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்து மெலிதாக்கும் கிராங்க் கிரைண்டிங் என்றால் அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் இருக்க வேண்டும். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றியிருந்தால், இந்தக் காலத்து என்ஜின்கள் பலவற்றில் ஹெட் போல்ட் இறுக்கும்போது இழுபட்டு நீளும் ரகம் என்பதால், புது போல்ட் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழையதையே திரும்பப் போட்டிருந்தால் அந்த வேலைக்கு நான் மதிப்பே தர மாட்டேன்.

கீழக்கரை வண்டியில் பில் இருந்தது. ஹெட் பேசிங் (அடிப்பக்கத்தைத் தட்டையாக இழைப்பது), ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் அடைக்கும் தகடு), லேபர், அவ்வளவுதான். சூடேறித்தான் ஹெட் போனது என்று ஓனரே ஒத்துக்கொண்டார். சரி, எதனால் சூடேறியது? வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் எதுவுமே பில்லில் இல்லை. பானட்டைத் திறந்து டார்ச் அடித்து ரேடியேட்டர் துடுப்புகளை விரலால் லேசாகத் தொட்டேன், நமத்துப்போன அப்பளம் மாதிரி உதிர்ந்து கையெல்லாம் வெள்ளைப் பொடி. உப்புக் காற்றின் வேலை. ஹெட்டைச் சரிசெய்துவிட்டு அதைக் கெடுத்த ஆளை உள்ளேயே விட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் கடற்கரையில் இதைத் தனியாகவே பார்க்க வேண்டும். இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) துடுப்பு, எர்த் ஒயர் போல்ட், ஆல்டர்னேட்டர், என்ஜின் மவுண்ட் எல்லாவற்றிலும் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர் பில்டர் பெட்டியையும் திறந்துவிடுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் ரோட்டை விட்டு மணலில் இறக்கி ரீல்ஸ் எடுத்த வண்டி என்றால் பெட்டியின் மூலையிலும் அடித் தட்டிலும் மணல் கிடக்கும், பில்டரைத் தாண்டி உள்ளே போன மணல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அராவிவிடும்.

அப்புறம் ஸ்டார்ட். நீங்கள் போவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பானட்டில் கை வையுங்கள், சுட்டால் "நாளைக்குக் காலையில வர்றேன்ணே, அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரவெல்லாம் நின்று காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து அடங்கினால் வால்வ் சீல். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலம் தள்ளினால் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். நான்கைந்து நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு மிதிக்கும்போது குபுக்கென்று வந்தால் டர்போ சீலாகவும் இருக்கலாம். வெள்ளைப்புகை காலையில் கொஞ்சம் வருவது வெறும் ஈரம்தான், சூடான பிறகும் நிற்காமல் கூலண்டும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கட்.

படகு மெக்கானிக் ஒருவர் எனக்குக் காட்டியது இது. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் துளையின் மேல் கவிழ்த்து வைத்தார், அது தட்டுத் தட்டென்று ஆடியது. "கீழ காத்து ஏறுது" என்றார். எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். சில டர்போ வண்டிகளில் மூடியை உள்ளே இழுக்கவும் செய்யும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

தீர்ப்பு எழுத, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். இதற்கு ஓனர் மறுத்தால் வண்டியும் வேண்டாம். என்ஜின் சூடாக, எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்தி, திராட்டிலை முழுக்கத் திறந்து சுற்ற வேண்டும். எண் 160 பிஎஸ்ஐயா 180ஆ என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். சிலிண்டர்களுக்குள் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். அந்தச் சிவப்பு வண்டியில் 175, 170, 130, 125 என்று வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கட் விட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். புது கேஸ்கட், அதற்குள்!

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரும் மாட்டுங்கள். எரர் கோடு (பிழைக் குறியீடு) எதுவும் இல்லை என்றதும் மகிழ்ந்துவிடாமல், எரர் கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற எண்ணைப் பாருங்கள். 6 கிலோமீட்டர் என்றால் நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்து துடைத்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் முங்கிய கார்கள் எவ்வளவோ. தண்ணீர் குடித்த என்ஜினில் கனெக்டிங் ராடு வளையும், அந்த பிஸ்டன் மேலே முழுசாக வராது, ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறையும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே மறைந்திருக்கும்.

பிளாக்கையே, அதாவது என்ஜினின் உடம்பையே மாற்றியிருந்தால் என்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகாது. ஆர்டிஓவில் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், டிஎன் 65க்கு (ராமநாதபுரம் பதிவுக்கு) மாற்றப் போகும்போது அந்தத் தலைவலி உங்களுடையது.

சிவப்பு வண்டிக்கு நான் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மறுபடி ஹெட் வேலை எல்லாவற்றையும் கழித்து ஒரு விலை சொன்னேன். "அதான் என்ஜின் வேலை பார்த்தாச்சே தம்பி" என்றார் புரோக்கர், மறுபடியும்.