சர்வரில் நெட்வொர்க் வரவில்லையா? கான்ஃபிக் ஃபைலைத் தொடாதீர்கள், முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

சர்வர் பிங் ஆகவில்லை (கூப்பிட்டால் பதில் தரவில்லை) என்றதும் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை, நெட்வொர்க் அமைப்பு எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து எதையாவது மாற்றுவதுதான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை ஓடிய கான்ஃபிக் ஃபைல் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மாறாது, ஆனால் கேபிள் கழன்றுபோகும். உபுண்டு சர்வரை வைத்தே சொல்கிறேன்.

ஐபி லிங்க் (ip link) என்று அடித்துப் பாருங்கள், நெட்வொர்க் போர்ட்டுகளின் நிலை தெரியும். நோ கேரியர் என்று வந்தால் வயரில் சிக்னலே இல்லை: வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். நோ கேரியர் இல்லாமல் வெறும் டவுன் என்று இருந்தால் போர்ட்டை யாரோ மென்பொருளில் அணைத்திருக்கிறார்கள், அப் செய்தால் போதும் (சில கார்டுகளில் இந்த நிலையில் விளக்கும் எரியாது, அதைப் பார்த்துக் கேபிளைத் திட்டாதீர்கள்). நாலு போர்ட் கார்டில் எது எந்தப் போர்ட் என்று குழம்பினால், ஈத்டூல் கமாண்டில் மைனஸ் பி (ethtool -p) போட்டு போர்ட்டின் பெயரைக் கொடுங்கள், அந்தப் போர்ட்டின் விளக்கு மினுக்கிக் காட்டும்.

லிங்க் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஆமை வேகம் என்றால் ஈத்டூலில் ஸ்பீடைப் பாருங்கள். ஜிகாபிட் போர்ட் 100 என்று காட்டினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் 8 கம்பியும் வேண்டும், 100 எம்பிக்கு 4 போதும், அதனால் மற்ற 4-இல் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சாகாமல் வேகம் மட்டும் இறங்கிவிடும். ரேக் கதவில் நசுங்கிய ஒரு கேபிளுக்காக நான் அரை நாள் பேக்கப் மென்பொருளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். கேபிள் நன்றாக இருந்தும் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் அனுப்பவோ வாங்கவோ ஒன்றுதான் முடியும்) என்று காட்டினால், சுவிட்ச் பக்கம் வேகத்தைக் கையால் பூட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்டோவில் இருக்கட்டும்.

அடுத்தது கொஞ்சம் விஷமமானது. சர்வரில் புதிதாக ஒரு கார்டு போட்டீர்கள், அது நெட்வொர்க் கார்டாகக்கூட இருக்க வேண்டாம், திரும்ப ஆன் செய்தால் நெட்வொர்க் இல்லை, ஆனால் விளக்கு ஜோராக எரிகிறது. இஎன்பி3எஸ்0 (enp3s0) என்ற போர்ட் பெயரில் இருக்கும் 3 என்பது பிசிஐ பஸ் எண், அதாவது கார்டு மதர்போர்டில் இணைந்திருக்கும் தடத்தின் எண். புதுக் கார்டு நடுவில் வந்ததால் அது 4 ஆகியிருக்கும், நெட்பிளான் ஃபைலோ (உபுண்டுவின் நெட்வொர்க் கான்ஃபிக் ஃபைல்) இன்னும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். பெயரைத் திருத்துங்கள், அல்லது மேக் முகவரியை (கார்டுக்கே உரிய அடையாள எண்) வைத்து அடையாளம் காணும்படி எழுதிவிடுங்கள், அப்புறம் இந்தத் தொல்லையே வராது. திருத்தியதும் அப்ளை கொடுக்காமல் நெட்பிளான் ட்ரை கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் (நெட்வொர்க் வழியே சர்வருக்குள் நுழைந்து) வேலை செய்பவர்களுக்கு இது உயிர்நாடி.

கார்டே ஐபி லிங்க் பட்டியலில் இல்லையா? எல்எஸ்பிசிஐ (lspci) அடியுங்கள், செருகியிருக்கும் கார்டுகளைக் காட்டும். அதில் தெரிந்தால் கார்டுக்கான டிரைவரோ ஃபர்ம்வேரோ காணாமல் போயிருக்கும், கெர்னல் பதிவுகளைக் காட்டும் dmesg கமாண்டில் காரணம் கிடைக்கும். எல்எஸ்பிசிஐயிலும் தெரியாவிட்டால் பயாஸில் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கார்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள்.

கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டர்) பிங் ஆகிறது, தளத்தின் பெயர் போட்டால் மட்டும் போகவில்லை என்றால் அது டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) பிரச்சினை, கார்டை விட்டுவிடுங்கள்.