மளிகை பில்லில் சிங்கப்பூர் டிக்கெட்: மைல் கார்டு எடுக்கும் முன் ஒரு கணக்கு

கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் முதலில் காட்டுவது விமானத்தின் படத்தை. நான் முதலில் கேட்பது வீட்டு வரவு செலவு நோட்டை. நங்கநல்லூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுவது என் வேலை. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அதனால் கார்டுச் செலவுக்குக் கிடைக்கும் மைல், அதாவது விமான டிக்கெட்டாக மாற்றக்கூடிய புள்ளி, சேர்ப்பதில் எனக்கு ஆசையும் உண்டு, அந்த ஆசைக்கு வரவு பற்று எழுதிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. சொந்தக்காரர்கள் யாராவது "எந்தக் கார்டு நல்லது?" என்று கேட்டால் பெயர் எதுவும் சொல்லமாட்டேன். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுவரச் சொல்வேன்.

அக்கா பையனுக்கும் அதுதான் நடந்தது. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, கல்யாணமாகி ஒரு குழந்தை. "சித்தி, மாசம் முக்கால் லட்சத்துக்கு மேல செலவாகுது. எல்லாத்தையும் ஒரே கார்டுல தேய்ச்சா வருஷத்துக்கு ரெண்டு டிக்கெட் வந்துடாதா?" என்று கேட்டான். அவன் செலவைக் கொஞ்சம் ரவுண்டாக்கித் தருகிறேன், உங்கள் வீட்டுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வாடகை 22,000. மளிகை 12,000. பால், காய்கறி, பூ, வேலைக்கார அம்மா சம்பளம் எல்லாம் சேர்த்து 9,000. இன்சூரன்ஸ் பிரீமியத்தை மாதத்துக்குப் பிரித்தால் 6,000. பெட்ரோல் 5,000. நகைச்சீட்டு 5,000. ஹோட்டல், ஸ்விக்கி 5,000. மாத்திரை மருந்து 4,000. துணிமணி சராசரியாக 4,000. ஈபி பில் 3,000. போன், இன்டர்நெட் 2,000. மொத்தம் 77,000.

இதில் மைல் வரும் வரிகள் எவை என்று பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன். வாடகை போச்சு: பல கார்டுகள் வாடகைக்குப் பாயிண்ட் தருவதை நிறுத்திவிட்டன, ஆப் வழியாகக் கட்டியபோது தனிக் கட்டணம் வேறு இருந்தது, 2025-ல் பல ஆப்கள் அந்த வழியையே நிறுத்திவிட்டன. பெட்ரோல், இன்சூரன்ஸ், நகை, அரசு வரிகள், ஈபி பில், போன் பில் ஆகியவற்றைப் பல மைல் கார்டுகள் விலக்கு என்று பட்டியல் போட்டுவைத்திருக்கின்றன. சிலவற்றில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. கீரைக்காரம்மாவும் வேலைக்கார அம்மாவும் ஜிபேயில்தான் வாங்குவார்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்க 2022 முதல் வழி இருக்கிறது, ஆனால் அது கடைக்கான கியூஆரில்தான் போகும், தனி ஆளுக்குப் போகாது. மைல் கார்டுகளில் பெரும்பாலானவை விசா அல்லது மாஸ்டர்கார்டு என்பதால் அந்த வழியும் அவற்றுக்கு இல்லை. கடைசியில் வட்டத்துக்குள் நின்றது மளிகை, மருந்து, ஹோட்டல், துணி. கூட்டினால் 25,000. முக்கால் லட்சத்துக்கு மேல் செலவு செய்கிற வீட்டில் மைல் தருவது மூன்றில் ஒரு பங்கு. சென்னைக் குடும்பங்களின் பெரிய செலவெல்லாம் வாடகை, தங்கம், பிரீமியம் என்றுதானே போகிறது!

இந்த விலக்குப் பட்டியல் விளம்பரத் தாளில் இருக்காது. பேங்கின் இணையதளத்தில் முக்கிய விதிமுறைகள் என்று ஒரு நீண்ட ஆவணம் இருக்கும். அதில் ரிவார்டு பற்றிய பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். அங்கே எம்சிசி என்று ஒன்று அடிக்கடி வரும். ஒவ்வொரு கடையின் ஸ்வைப் மெஷினுக்கும் என்ன வியாபாரம் என்று சொல்ல நான்கு இலக்க எண் ஒன்று கொடுத்திருப்பார்கள், அதுதான் எம்சிசி. சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, பெட்ரோல் பங்குக்கு 5541, நகைக்கடைக்கு 5944. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது பேங்குக்குத் தெரியாது, இந்த எண்தான் தெரியும். தி.நகரில் ஒரே கட்டடத்தில் துணியும் நகையும் பாத்திரமும் விற்கும் கடைகள் இருக்கின்றன. பட்டுப் புடவைக்கு பில் போட்ட மெஷின் நகைக்கடை எண்ணில் பதிவாகியிருந்தால் பாயிண்ட் வராது. அடிக்கடி போகும் கடையில் முதலில் ஒரு சின்னத் தொகையைத் தேய்த்து, பாயிண்ட் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய பில்லுக்குப் போவது நல்லது.

ரிச்சி தெருவில் லேப்டாப் வாங்கப் போனால் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூட ஆகும் சார்" என்பார்கள். அங்கே கார்டை உள்ளே வைத்துவிடுங்கள். ஏன் என்று கீழே உள்ள கணக்கே சொல்லும்.

பாயிண்ட் வேறு, மைல் வேறு. பேங்க் தருவது பாயிண்ட். அதை விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றினால்தான் மைல். மாற்று விகிதம் கார்டுக்குக் கார்டு, விமானத்துக்கு விமானம் வேறுபடும். 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட் தரும் கார்டில் வருடம் 3 லட்சம் தேய்த்தால் 6,000 பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இரண்டு மைல் என்றால் 12,000 மைல். ஒன்றுக்கு ஒன்று என்றால் 6,000. இரண்டுக்கு ஒன்று என்றால் வெறும் 3,000. 'நூறு ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட்' என்ற எண்ணை மட்டும் வைத்து இரண்டு கார்டுகளை ஒப்பிடுவது, எடைக்கல்லைப் பார்க்காமல் தராசு முள்ளை மட்டும் பார்ப்பது போலத்தான்.

அடுத்தது ஒரு மைலின் விலை. பணம் கொடுத்து வாங்கினால் டிக்கெட் என்ன விலை, அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்கும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரிகளைக் கழியுங்கள், மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். மைலில் எடுத்தால் இலவசம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வரியும் கட்டணமும் எப்போதும் நம் தலையில்தான், அதிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்தைத் தாராளமாகவே சேர்க்கும். உதாரணத்துக்கு, சிங்கப்பூருக்கு ஒரு வழி சாதா டிக்கெட் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைலில் எடுத்தால் 20,000 மைலும் 3,500 ரூபாய் வரியும். மிச்சமாவது 10,500. ஒரு மைல் ஐம்பத்திரண்டரை பைசா.

பிசினஸ் கிளாஸில் இதே கணக்கைப் போட்டால் மைலுக்கு ஒரு ரூபாய்க்கு மேல்கூட வரும். மைல் பிரியர்கள் பெருமையாகச் சொல்வது அந்த எண்ணைத்தான். என் கேள்வி வேறு. நான்கு மணி நேரப் பயணத்துக்கு 55,000 ரூபாயை எங்கள் வீட்டில் யாரும் கையிலிருந்து கொடுக்க மாட்டோம். கொடுக்காத விலையை மிச்சம் என்று வரவு வைத்தால் ஆடிட்டர் பேனாவால் அடித்துவிடுவார். நீங்கள் உண்மையில் எந்த டிக்கெட் வாங்குவீர்களோ அதன் விலையைப் போடுங்கள். அமெரிக்கா வரை உட்கார்ந்து போக முதுகு ஒத்துழைக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிசினஸ் கிளாஸுக்கு நிஜமாகவே பணம் கொடுப்பீர்கள். அந்த வீட்டுக் கணக்கு வேறு.

இப்போது அக்கா பையன் கணக்குக்கு வருவோம். ஒரு பாயிண்டுக்கு இரண்டு மைல் தரும் கார்டு என்றே வைத்தால் 12,000 மைல், ஐம்பத்திரண்டரை பைசா வீதம் 6,300 ரூபாய். அதாவது நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் 10 பைசா, ரிச்சி தெருவின் ரெண்டு பர்சென்ட் அதை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும். கார்டின் ஆண்டுக் கட்டணம் 5,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 5,900. நிகர லாபம் 400 ரூபாய். முகம் சுருங்கிவிட்டது பாவம். அதே 3 லட்சத்துக்குக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்று ஒன்றரை சதவீதம் கேஷ்பேக் தந்தால் 4,500 ரூபாய், மைலுக்குக் கிடைக்கும் சீட்டைத் தேடும் வேலையும் இல்லை.

ஆனால் அவர்கள் வருடத்தில் 60,000 ரூபாய்க்கு எப்படியும் விமான டிக்கெட் வாங்குகிறார்கள். மனைவியின் ஊர் டெல்லி. சில மைல் கார்டுகளில் பயணச் செலவுக்கு 100 ரூபாய்க்கு 5 பாயிண்ட் வரை உண்டு. அது 3,000 பாயிண்ட், அதாவது 6,000 மைல், 3,150 ரூபாய். ஆண்டுச் செலவு 3 லட்சத்தைத் தாண்டினால் கூடுதலாக 2,500 பாயிண்ட் என்று சலுகை இருந்தால் இன்னொரு 2,625. எல்லாம் கூட்டிக் கட்டணத்தைக் கழித்தால் 6,175 வருகிறது. கேஷ்பேக் 3.6 லட்சத்துக்கு 5,400. மைல் கார்டு மயிரிழையில் முந்துகிறது. ஏற்கெனவே பறக்கிற வீட்டுக்கு மைல் கார்டு சரி. மளிகையை மட்டும் நம்பி எடுப்பதாக இருந்தால் கேஷ்பேக்கே போதும் என்பது என் தீர்ப்பு. வருடக் கட்டணம் 12,500 போட்டு மேல்தட்டில் இருக்கும் எச்டிஎஃப்சி இன்ஃபினியா போன்ற கார்டுகளின் கணக்கு வேறு தினுசு. அவற்றை நீங்கள் கேட்பதைவிட பேங்க்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கும்.

மைல் கார்டு என்று முடிவு செய்துவிட்டால், கார்டுக்கு முன்னால் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து நேராக எங்கே போகிறீர்கள்? சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர். துபாய் என்றால் எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ். தோஹா வழியாகவோ லண்டனுக்கோ என்றால் கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டுமே ஏவியோஸ் என்ற ஒரே புள்ளியை வைத்திருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்தலாம். உள்நாட்டில் சுற்றுபவர்களுக்கு ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் இருக்கிறது. 2024 நவம்பரில் விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டதால் பழைய விஸ்தாரா புள்ளிக்காரர்களும் இப்போது அங்கேதான். இண்டிகோவும் 2024-ல் புளூசிப் என்று ஒன்றைத் தொடங்கியது. ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்சாவும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால், ஒன்றின் மைலில் மற்றொன்றில் சீட் எடுக்கவும் முடியும். உங்களுக்கு வேண்டிய நிறுவனம் எந்தக் கார்டின் மாற்றுப் பட்டியலில் நல்ல விகிதத்தில் இருக்கிறதோ, அந்தக் கார்டுதான் உங்கள் கார்டு. அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டுகளை மட்டும் யோசித்து எடுங்கள். பாயிண்ட் நன்றாகத்தான் வரும், தெருமுனை மருந்துக்கடையில் வாங்கமாட்டேன் என்றால் என்ன செய்வது?

சீட் கண்ணில் படுவதற்கு முன் பாயிண்டை மைலாக மாற்றவே மாற்றாதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மாற்றியதைத் திருப்ப முடியாது. பேங்கில் இருக்கும்வரை அது பட்டியலில் உள்ள எந்த விமானத்துக்கும் போகலாம், மாற்றிய நிமிஷத்திலிருந்து ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம், காலாவதியும் ஓடத் தொடங்கும். கிரிஸ்ஃபிளையரில் 36 மாதம். ஆனால் பேங்கிலேயே வருஷக்கணக்காகப் பூட்டிவைப்பதும் ஆகாது. விகிதத்தைக் குறைப்பதும் வருடத்துக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்று வரம்பு போடுவதும் அடிக்கடி நடக்கிறது. விமான நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி, தேதி போட்டுத் தேடி, குறைந்த மைல் சீட் இருக்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்ஃபிளையரில் அதற்கு சேவர் என்று பெயர். பொங்கல், தீபாவளி, மே மாதம் இதற்கெல்லாம் அது சீக்கிரம் காலியாகும், சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் விடுமுறை என்பதால் அந்த மாதமும் கஷ்டம். நான் தேடுவது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். மாற்றிய மைல் கணக்கில் ஏறச் சில நாள் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். விமானக் கணக்கிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். நம் ஊர் இனிஷியல் விவகாரம் கவுன்ட்டரில் வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கோ அம்மாவுக்கோ டிக்கெட் எடுப்பதாக இருந்தால் கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேர் வரை முன்கூட்டியே சேர்த்துவைக்கலாம்.

பில்லை முழுசாகக் கட்ட முடியாத மாதம் வரும் என்று தோன்றினால் இந்தப் பக்கமே வரவேண்டாம். பல கார்டுகளில் வட்டி மாதம் 3.75 சதவீதம், அதாவது வருடத்துக்கு 45. 25,000 ரூபாயை ஒரு மாதம் நிலுவையில் விட்டால் வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,106 ரூபாய். அந்த மாதத்து மைலின் மதிப்பு 525. குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும் என்று காட்டும் மினிமம் டியூ என்ற வரியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். மொத்தத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள்.

மச்சான் டிவி வாங்குகிறான், நண்பன் மொபைல் வாங்குகிறான், "உன் கார்டில் தேய்த்துக் கொடு, பணம் அனுப்பிவிடுகிறேன்" என்று வருவார்கள். மைலுக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாகக் கட்டும் தொகை 10 லட்சத்தைத் தொட்டதும் அந்த விவரம் வருமான வரித்துறைக்குத் தானாகப் போகும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சமே போதும். உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தாத செலவு என்று நோட்டீஸ் வந்தால் மச்சானா வந்து பதில் சொல்வான்? எங்கள் ஆபீஸுக்கு இதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

வெளிநாட்டில் தேய்ப்பதும் அப்படித்தான். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், ஜிஎஸ்டியோடு 4.13. சிங்கப்பூர் முஸ்தபா கடையில் பை நிறைய வாங்கி மைல் வருகிறது என்று மகிழ்ந்தால், வருவதைப்போல் இரண்டு மடங்கு போயிருக்கும். மெஷின் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரையே தொடுங்கள், ரூபாயைத் தொட்டால் மாற்று விலையில் இன்னொரு வெட்டு.

முதல் வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது இதே கணக்கை உண்மையான எண்களோடு மறுபடி போட்டுப் பாருங்கள். கழித்தால் மைனஸ் வந்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி போன் செய்யுங்கள். சரி என்றால் இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளலாம். முடியாது என்றால் முதலில் பாயிண்டைப் பயன்படுத்திவிடுங்கள், பிறகு நிலுவையை அடைத்துவிடுங்கள், அப்புறம் மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அதற்கு மேல் இழுத்தால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தர வேண்டும். மூடக் கேட்ட மின்னஞ்சலைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.