சுமை விழுந்த பக்கத்தோடு மூடிவிடாதீர்கள்

எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் இரண்டு வகைப் புத்தகங்கள் கிடந்தன. அம்மாவின் ஆட்கள் புளியந்தீவுக் கத்தோலிக்கர்கள், அப்பாவின் ஆட்கள் மெதடிஸ்த சபை. அம்மாவின் பழைய பதிப்புகளில் சேசுநாதரும் சர்வேசுரனும் இருப்பார்கள், அப்பாவின் புத்தகங்களில் இயேசுவும் கர்த்தரும். இரண்டையும் கலந்து வாசித்தே வளர்ந்தேன். ‘அது அவங்கட புத்தகம்’ என்று தள்ளிவைப்பது மட்டக்களப்பில் இன்னும் இருக்கிறது. சொல் பழகாததால் வரும் கூச்சம்தான் அது, நாலு பக்கம் போனால் பழகிவிடும்.

ஆனால் பிடித்த விசுவாச நூலைத் திரும்ப எடுக்கும்போது நாம் செய்கிற பெரிய தவறு வேறு. முதல்முறை எந்தப் பக்கத்தில் அழுதோமோ, நேரே அங்கே போய்விடுகிறோம். பென்சிலால் கோடு போட்ட வரிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘முந்தி மாதிரி மனசைத் தொடவில்லையே’ என்று மூடி வைக்கிறோம்.

ஜோன் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் பாவச் சுமையோடு ஒருவன் மோட்சத்துக்கு நடந்து போகிற கதை, 1678இல் வெளிவந்தது. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று பெட்ஃபோர்ட் சிறையில் 12 வருடம் வைக்கப்பட்ட மனிதர் எழுதியது. ஞாயிறு பாடசாலையில் இந்தக் கதையைக் கேட்டவர்களிடம், முதுகுச் சுமை எப்போது விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். கடைசியில் என்றுதான் பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் சிலுவையடியில் சுமை அவிழ்ந்து உருள்வது கதையின் முன்பகுதியிலேயே நடந்துவிடுகிறது. அப்பொல்லியோன் என்ற பிசாசோடு சண்டை, மாயச் சந்தை, கூட நடந்த நண்பன் கொல்லப்படுவது எல்லாம் அதற்குப் பிறகு. சந்தேகக் கோட்டையின் நிலவறையில் புதன் காலையிலிருந்து சனி இரவு வரை பசியோடு அடிபட்டுக் கிடந்த பிறகுதான், வாக்குத்தத்தம் என்ற திறப்பு தன் மடிக்குள்ளேயே இருக்கிறது என்று அவனுக்கு ஞாபகம் வருகிறது. சுமை போய் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு! இருபது வயதில் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போனேன். நாற்பதுக்கு மேல் இதுதான் என் பக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நின்று கூப்பிட, அந்த மனிதன் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு ‘ஜீவன், நித்திய ஜீவன்’ என்று ஓடுகிறான். சின்ன வயதில் அது வீரமாகத் தெரிந்தது. கல்யாணம் முடித்த பிறகு வாசித்தால் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. அந்த உறுத்தலை ‘விசுவாசக் குறைவு’ என்று அமுக்கிவிடாதீர்கள். 1684இல் பனியன் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அதே மனைவி நாலு ஆண் பிள்ளைகளோடும் அயல்வீட்டுப் பெண்ணோடும் அதே வழியில் நடந்து வருகிறாள். எங்கள் பிரதியில் முதல் பாகம் மட்டும்தான் இருந்தது, அதுவும் சுருக்கம். இரண்டாவது ஒன்று இருப்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது. ஆகவே, நீங்கள் வாசித்தது முழுப் புத்தகமா, சுருக்கமா என்று முதலில் பாருங்கள்.

ஆதித் திருச்சபையின் ஞானி அகுஸ்தீனாரின் தன்வரலாற்றிலும் இதே கதைதான். கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய 13 பகுதிகள். பேரிக்காய் களவெடுத்தது, மிலான் தோட்டத்தில் ‘எடுத்து வாசி’ என்று பிள்ளைக் குரல் கேட்டது, தாய் மொனிக்காவின் மரணம். ஒன்பதாம் பகுதியோடு முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் பகுதியில் அவர் ஆயர். அங்கே உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கும் தன்னை இழுக்கிறவை எவை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சாப்பாடு, புகழ், கண்ணுக்கு இனியவை. கோயிலில் பாடுகிற சங்கீதத்தின் பொருளை விட ராகம் தன்னை அதிகம் உருக்கிவிடுகிறதோ என்று கூடப் பயப்படுகிறார். பாடகர் குழுவில் இருக்கிற எவரும் தாண்டிப் போகக் கூடாத பக்கம் இது. மனந்திரும்பிய கதையை மட்டும் வாசித்து நிறுத்தினால், திரும்பிய மனிதன் பிறகு எப்படி வாழ்ந்தான் என்பதே தெரியாமல் போய்விடும்.

சமையல் வேலையிலும் கடவுளோடு இருக்கலாம் என்று சொன்ன சகோதரர் லோரன்ஸை நாங்கள் சிரித்த முகத்தோடு சட்டி கழுவுகிறவராக ஆக்கிவிட்டோம். பாரிஸில் ஒரு கர்மேல் மடத்தின் சமையல் அறையில் வேலை செய்து, 1691இல் இறந்தவர். அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் முழுசாக வாசித்தால், அவருக்குச் சமையல் வேலை இயல்பிலேயே பிடிக்காது என்று தெரியும். முதல் பத்து வருடம் மிகவும் துன்பப்பட்டதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதுகிறார். கால் ஊனம். வைன் வாங்க அனுப்பினால், படகில் பீப்பாய்களுக்கு மேலாக உருண்டு உருண்டுதான் போனாராம். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒற்றை வரியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அடுப்படியில் களைத்து நிற்கிற பெண்ணுக்கு அது இன்னொரு கட்டளை மாதிரித்தான் இருக்கும்.

செய்யுள் நூல்களில் தவறு வேறு மாதிரி. ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வந்தது. பனியனின் மொழிபெயர்ப்பு என்று நினைத்து எடுப்பார்கள், கம்பனை ஊறப் படித்த ஒருவர் தமிழ்க் காப்பியமாகவே கட்டியது அது. வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தால் ஒன்றும் பிடிபடாது. ‘சத்தாய் நிஷ்களமாய்’ ஆராதனையில் பாடியிருப்பீர்கள் அல்லவா, அதுவும் அவருடையதுதான். அந்த ஓசையோடு சத்தமாக வாசியுங்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணியில் 3,615 பாட்டுகள். முதலிலிருந்து முடிவு வரை என்று சபதம் எடுத்தால் நாட்டுப் படலத்திலேயே நித்திரை வரும். ஒரு படலத்தை எடுத்து மெல்ல வாசியுங்கள், சரி.

கடைசியாக ஒன்று. நமக்கு ஆறுதல் தந்த புத்தகத்தைத் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல் துன்பம் ஏன் என்று தர்க்கத்தோடு ஒரு நூல் எழுதினார். 1960இல் மனைவி இறந்தார். அடுத்த வருடம் அந்தத் துயரத்தை எழுதி, தன் பெயரை மறைத்துப் புனைபெயரில் வெளியிட்டார். அதில் தர்க்கம் இல்லை, கடவுளின் கதவு சாத்திக் கிடப்பதாகக் கத்துகிற மனிதன்தான் இருக்கிறான். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த பிறகுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. 2004 சுனாமியில் கடல் வந்து போன மூன்றாம் வாரம், கல்லடிப் பக்கம் பிள்ளையை இழந்த ஒரு அக்காவிடம், கோடு போட்டு அடையாளத் தாளும் வைத்து ஒரு புத்தகம் கொடுத்தேன். அவ ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டா. ஒரு வருடம் கழித்துத் திருப்பித் தந்தா. நான் வைத்த தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. ‘வாசிக்க ஏலாமப் போச்சு தம்பி, குறை நினைக்காத’ என்று சொல்லி, தேத்தண்ணி ஊற்றப் போனா.