உங்கள் ஊர் அறிவொளி இயக்கத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

1990-களின் முற்பாதியில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நடைபெற்ற, எழுத்தறியாத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்த அறிவொளி இயக்கத்தைப் பற்றி அரசு அறிக்கைகளும் சில நல்ல நூல்களும் உள்ளன. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரில் யார் கற்பித்தார்கள், யார் கற்றார்கள், வகுப்பு எந்தத் திண்ணையில் நடந்தது, எப்போது நின்றுபோனது என்பவை பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. அன்று இருபது வயதில் தொண்டராக வந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்; நாற்பது வயதில் எழுத்துக்கூட்டத் தொடங்கியவருக்கு எழுபதுக்கு மேல் ஆகியிருக்கும். ஆகவே கோப்புகளைப் பிறகு தேடிக்கொள்ளலாம், மனிதர்களை முதலில் தேடுங்கள்.

உங்கள் ஊரில் நடந்தது எந்த இயக்கம் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஏனெனில் பெரியவர்கள் பலர் எல்லாவற்றையும் ‘முதியோர் கல்வி’ என்றே சொல்வார்கள். 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயது வரையுள்ளோருக்காக, மையத்துக்குச் சுமார் முப்பது பேர் என்ற கணக்கில், சிறு மதிப்பூதியம் பெற்ற பயிற்றுநர்களைக் கொண்டு நடந்தது. 1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில், குறித்த காலத்துக்குள், ஆட்சியர் தலைமையில் பதிவுசெய்யப்பட்ட சங்கத்தின் வழியாக, ஊதியமில்லாத தொண்டர்களைக் கொண்டு நடத்துவது என்ற முறை அங்கிருந்துதான் மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளியும் அந்த வழியில் வந்ததே. 2009-இல் தொடங்கிய சாட்சர் பாரத், அண்மைக் காலத்துக் ‘கற்போம் எழுதுவோம்’ ஆகியவை வேறு திட்டங்கள்.

இவற்றைப் பிரிக்க மூன்று கேள்விகள் போதும். கற்பித்தவருக்குப் பணம் கொடுத்தார்களா? வகுப்பு தொடங்குமுன் கலைக்குழு ஊருக்கு வந்து பாட்டும் நாடகமும் போட்டதா? மொத்தம் எத்தனை புத்தகங்கள் படித்தீர்கள்? பணம் இல்லை, கலைக்குழு வந்தது, மூன்று புத்தகங்கள் என்று விடை வந்தால் அது பெரும்பாலும் அறிவொளிதான். ஆண்டைக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. ராஜீவ் காந்தி இறந்ததற்கு முன்பா பின்பா, மூத்த மகள் அப்போது எந்த வகுப்பில் படித்தாள் என்று கேட்டால் ஓராண்டு முன்பின்னாகக் காலம் பிடிபட்டுவிடும்.

நூலகங்களில் பழைய நாளிதழ்களையும் அரசு ஆவணங்களையும் தேடும்போது அன்றைய மாவட்டப் பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை அப்போது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், விருதுநகர் காமராசர் மாவட்டம், திருநெல்வேலி நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம், தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் மாவட்டம், தலைவர்களின் பெயர்கள் 1997-இல்தான் நீக்கப்பட்டன. கரூரும் பெரம்பலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. இதை அறியாமல் தேடி, ‘எங்கள் மாவட்டத்தில் எதுவுமே நடக்கவில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. ஆட்சியர் அலுவலகத்தில் எஞ்சியுள்ள கோப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம்தான். ஆனால் முப்பது ஆண்டுப் பழைய கோப்பு கழித்துக்கட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்பதால் அதற்காக வேலையை நிறுத்திவைக்க வேண்டாம்.

கோப்பைவிட மதிப்புள்ள ஆவணம் ஒன்று சில வீடுகளின் பரணில் கிடக்கும்: அதுவே கற்றவரின் பாடப்புத்தகம். மூன்று புத்தகங்களிலும் பாடங்களுக்கு இடையில் தேர்வுகள் இருந்தன. விடைகளைப் புத்தகத்திலேயே எழுத வேண்டும். முதல் தேர்வில் கோட்டுக்கு மேலும் கீழுமாகத் தள்ளாடும் எழுத்து அடுத்தடுத்த தேர்வுகளில் எப்படி நேராகிறது என்பதும், எந்தத் தேர்வோடு பக்கங்கள் வெறுமையாகின்றன என்பதும் அதில் அப்படியே பதிந்திருக்கும். புத்தகத்தை வாங்கிச் செல்லாமல், அந்த வீட்டிலேயே பகல் வெளிச்சத்தில் அட்டை முதல் அட்டை வரை படமெடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் மேடையில் நிற்கும் புகைப்படங்கள் தாமாகவே வந்து சேரும். அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எண்ணிக்கைகளைக் கையாளும்போது நிதானம் தேவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1991 முதல், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோரைக் கணக்கில் கொண்டு எழுத்தறிவு விழுக்காட்டைக் கூறுகிறது. இயக்கமோ குறிப்பிட்ட வயது வரம்புக்குள் இருந்தோரை மட்டுமே இலக்காகக் கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உயர்வு முழுவதும் அறிவொளியால் வந்தது என்று எழுதினால் அது தவறு. அதே காலத்தில் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் அந்த உயர்வில் இருக்கிறார்கள். தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவுகோலும் தெளிவானது: நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டுப் படித்தல், 7 சொற்களைப் பார்த்து எழுதுதல், சொல்லச் சொல்ல 5 சொற்களை எழுதுதல், மூன்று இலக்கக் கூட்டல் கழித்தல் போன்றவை. உங்கள் ஊரில் இதை எட்டியவர் எத்தனை பேர், கையெழுத்தோடு நின்றவர் எத்தனை பேர் என்பதைத் தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள்.

நேர்காணலுக்கு மாலை நேரம் ஏற்றது. பெண்களிடம் பேசப் பெண் ஒருவரும் உடன் வருவது நல்லது. ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்டு, தேதியையும் ஊரையும் முதலிலேயே சொல்லிப் பதியுங்கள். ‘அறிவொளியால் என்ன பயன்?’ என்று கேட்டால் மேடைப்பேச்சுதான் விடையாக வரும். முதன்முதலில் எங்கே கையெழுத்துப் போட்டீர்கள், அப்போது அருகில் யார் இருந்தார், கைரேகை மைப்பெட்டியைத் தள்ளிவைத்தபோது எழுத்தர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதையும், கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டதையும் தவிர்த்து அங்கே எழுத்தறிவின் கதையைச் சொல்ல முடியாது. சைக்கிளில்கூட, பிள்ளையை முன்னால் உட்காரவைக்க வசதியாகப் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்கள் என்பது போன்ற விவரம் இப்படிக் கேட்டால்தான் வெளிவரும். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலும் 1992-இல் எழுத்தறிவுப் பாடம் ஒன்றைப் படித்த தூபகுண்டா ஊர்ப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள்; அந்தப் போராட்டம் பரவி 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத் தடைக்கு இட்டுச்சென்றது. உங்கள் ஊரில் வகுப்பிலிருந்து வெளியே பரவிய செயல் எது என்று விடாமல் கேளுங்கள்.

பாதியில் நின்றவர்களைத் தேடிப் போவதுதான் கடினமானது, என் கணிப்பில் மிகவும் பயனுள்ளதும் அதுவே. நடவுக்காலம், கணவரின் எதிர்ப்பு, கண்பார்வை, சாதித்தெருவைத் தாண்டி வகுப்புக்கு வர முடியாமை என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எந்த அறிக்கையிலும் முழுமையாக இடம்பெற்றதில்லை. சாதி குறித்த பதில்களைப் பெயரின்றிப் பதிவுசெய்வதாக முன்கூட்டியே உறுதியளித்து, அதைக் காப்பாற்றுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்குமுன் ஊரில் கூட்டம் போட்டு வாசித்துக் காட்டி, மறுப்புகளையும் அடிக்குறிப்பாகச் சேருங்கள். ஒலிப்பதிவுகளுக்கு ஊர்ப்பெயர், தேதி, பேசியவருக்கான எண் ஆகியவற்றைக் கொண்டு கோப்புப்பெயர் இட்டு, இரண்டு வெவ்வேறு இடங்களில் படி வைத்துக்கொண்டு, அச்சுப்படி ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் ஒப்படையுங்கள்.