வேக எல்லையைக் கூட்டக் கேட்குமுன் வீதியை அளந்து பார்க்கும் முறை

இலங்கையில் ஊர்மனைக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றரே வேக எல்லை. அதிவேக நெடுஞ்சாலையில் அது 100. கந்தளாய் வீதி காப்பற் இடப்பட்டு வழவழப்பாகக் கிடப்பதால், இங்கும் எல்லையைக் கூட்டினால் என்ன என்று திருகோணமலையில் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை ஓர் அளவு நாடாவையும் கைத்தொலைபேசியையும் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

நேரான ஒரு துண்டில் 100 மீற்றரை ஓரமாக அளந்து, இரு முனைகளிலும் ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ அடையாளமாகக் கொள்ளுங்கள். பின்னர் வீதியை விட்டு நன்கு விலகி, சாரதிகளின் கண்ணில் படாமல் இருந்துகொண்டு, முன்னால் தடையின்றி வரும் வாகனங்களுக்கு எடுக்கும் நேரத்தை மட்டும் குறியுங்கள். பொலிஸ் என்று நினைத்துவிட்டால் எல்லோருமே உத்தமர்களாகிவிடுவார்கள். 360ஐச் செக்கன்களால் வகுத்தால் வேகம் கிடைக்கும்: 4 செக்கன் என்றால் மணிக்கு 90 கிலோமீற்றர். இப்படி நூறு வாகனங்களைக் குறித்து, மெதுவானதிலிருந்து வரிசைப்படுத்தினால், 85ஆவது வாகனத்தின் வேகமே பல நாடுகளில் பொறியியலாளர்கள் எல்லையைத் தீர்மானிக்கும்போது பார்க்கும் எண்.

அந்த எண்ணை மட்டும் நம்புவது தவறு என்பதே என் கருத்து. 70 எல்லையில் 80இல் ஓடுபவர், எல்லை 80 ஆனதும் 90ஐ நாடுவார்; அடுத்த முறை அளப்பவருக்கு 85ஆவது வாகனமும் மேலே ஏறியிருக்கும். எல்லை கூடிய அளவுக்குச் சராசரி வேகம் பெரும்பாலும் கூடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் சராசரி 1 சதவீதம் ஏறினாலே உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து ஏறத்தாழ 4 சதவீதம் ஏறும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 40இல் செல்லும் முச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் அதே வீதியில்தான் ஓடுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, நிறுத்தும் தூரத்தை நடந்து அளவுங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் எடுக்கும் என்று கொண்டால், உலர்ந்த வீதியில் 70இல் ஓடும் கார் நிற்க ஏறத்தாழ 56 மீற்றரும், 100இல் ஓடும் கார் நிற்க 97 மீற்றரும் வேண்டும்; மழையில் இவை 76, 138 என நீளலாம். தம்பலகாமத்து வயல்களை ஒட்டிய பகுதியில் மாரி இரவுகளில் சேற்றை விட்டு ஏறிவரும் கட்டாக்காலி மாடுகள் தாரின்மேல் படுத்து அசைபோடும். கறுத்த எருமையென்றால், தாழ்த்திய விளக்கொளியில் அதன் கண் மினுங்கும்வரை அங்கே ஏதும் இருப்பதாகவே தெரியாது. ஆகவே நிறுத்திய வாகனத்தில் விளக்கைத் தாழ்த்தி, ஒருவரைக் கறுப்புத் துணியுடன் வீதிக்குப் புறம்பான வெளியில் நடக்கவிட்டு, அவர் மறையும் தூரத்தை அளந்து, மேற்சொன்ன எண்களுடன் ஒப்பிடுங்கள்.

மிச்சமாகும் நேரத்தையும் கணக்கிட்டுவிடுங்கள்: 40 கிலோமீற்றர் தூரத்தை 70க்குப் பதில் 80இல் ஓடினால் நான்கு நிமிடமே மிஞ்சும். இந்த எண்களையெல்லாம் பகல், இரவு, மழை என மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணையாக எழுதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு அனுப்பும் கடிதத்துடன் இணைத்துவிடலாம்.