பெண்கள் அரசியல் நாடகம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு களப்பயிற்சியில் இளம் பெண்கள் தாம் எழுதிய பிரதிகளை வாசித்தார்கள். நான் முன்பு விட்ட பிழைகளை அப்படியே கேட்டேன். நீண்ட வசனம், குழப்பமான காட்சி மாற்றம் எல்லாம் ஒத்திகையில் திருந்திவிடும். மற்றவை திருந்தாது.

பெண் எழுதினாலே எதிர்ப்புக் குரல் என்று எண்ணுவது

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாடகாசிரியர் ஆப்ரா பென் கட்டாயத் திருமணத்தை மேடையில் சாடினார். அரசியலிலோ அரசர் பக்கம் நின்றார். 1682இல், அரசரை எதிர்த்து நின்ற அவருடைய மகன் மொன்மத்தைத் தாக்கி ஒரு நாடகத்துக்குப் பின்னுரை எழுதியதற்காக, அந்த அரசரின் ஆட்சியிலேயே பென்னைக் கைதுசெய்ய ஆணை பிறந்தது. எழுதியவரின் பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், பிரதியை வாசியுங்கள்.

ஆண்களை மட்டும் கொடியவராக்குவது

வேண்டாம். சீதனம் கேட்கும் மாமியாரையும் எழுதுங்கள்.

முடிவை அனுசரணையாளரிடம் விட்டுவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இலங்கையில் போர் முடிந்த பின், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயைப் பற்றி எழுதினேன். கடைசிக் காட்சியில் மகனின் சேர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசாமல் இருப்பாள். நிதி தந்த நிறுவனம் நம்பிக்கை தரும் முடிவைக் கேட்டது. ஒரு சொல்லையும் வெட்டச் சொல்லவில்லை. அயல் பெண்கள் அவளைத் தையல் வகுப்புக்கு அழைத்துப்போகும் காட்சி ஒன்றைச் சேர்த்தால் போதும் என்றார்கள். நடிகர்களின் பஸ் காசும் சாப்பாடும் அவர்கள் கையில் இருந்தன. எழுதிக் கொடுத்தேன்.

வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலைய முற்றத்தில் ஆடினோம். முடிந்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "அவள் தேடுவதை விட்டுவிட்டாளா, பிள்ளை?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தேடியது போதும், பிழைக்கிற வழியைப் பார் என்பதும் ஓர் அரசியல்தான். அதைத் தையல் வகுப்பாக்கி என் மேடையில் நானே ஏற்றியிருந்தேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் போராட அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், பிள்ளைகள் எங்கே என்றுதான் கேட்டார்கள். ஆகவே காசு கேட்கப் போகுமுன் கடைசிக் காட்சியை எழுதி முடியுங்கள். வெட்டச் சொன்னால் உடனே சண்டை பிடிப்போம். சேர்க்கச் சொன்னால் இணங்கிவிடுவோம். அங்கேதான் கவனம் வேண்டும்.

அதிகாரத்தை அரச சீருடையில் மட்டும் காண்பது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற கவிஞர் செல்வி, 'தோழி' என்ற பெண்ணிய இதழை நடத்தியவர். 1991இல் அவரைப் பிடித்துச் சென்றது விடுதலைப் புலிகள் இயக்கம். அவர் திரும்பி வரவில்லை. இதை மேடையில் சொல்லத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கத்தையே முதல் காட்சியாக எழுதுங்கள்.